வடக்கயிற்றில் உட்கார்ந்த வாலிபம்

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில், தாழ்வாரத்துச் சுவர் ஆணியில் பெரிய இரும்பு வளையம் ஒன்று தொங்குகிறது. கவலை இறைத்த காலத்தில் தோல் பறியின் வாயை விரித்துப் பிடித்திருந்த வளையம் அது. தோல் மக்கிப்போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசி மிஞ்சிய வண்ணத்தை வருஷா வருஷம் வளையத்தின் மேலும் தடவிவிடுவது வீட்டு வழக்கம். அதனால் துருவும் தெரிவதில்லை, என்ன சாமான் என்றும் தெரிவதில்லை. விடுமுறைக்கு வந்த கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அதைக் கூடைப்பந்து வளையம் என்று எண்ணிப் பந்து எறியத் தொடங்கியபோதுதான், அப்பாருடைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிய கட்டாயம் பெரியவர்களுக்கு வந்தது.

கொங்கு நாட்டில் தந்தையின் தந்தை அப்பாரு. அவர் மனைவி அப்பத்தா. இது அவ்விருவருடைய இளமைக் கதை. குடும்பத்தில் யாரும் அதற்கு ஆண்டு சொல்வதில்லை. வெக்கையில் மாடு செத்த வருஷம், மயிலைக்காளை வந்த வருஷம், யுத்தத்தில் துணி கிடைக்காத வருஷம் என்றே கணக்கு ஓடும். மூன்றும் அடுத்தடுத்து வந்தவை என்பதில் எல்லாக் கிளைகளும் ஒத்துப்போகின்றன. மற்றவற்றில் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

அப்பாரு பிறந்தபோது காங்கேயம், ஈரோடு, திருப்பூர் எல்லாமே கோயம்புத்தூர் மாவட்டம்தான். ஈரோடு 1979-இலும் திருப்பூர் 2009-இலும் தனி மாவட்டங்களாயின. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற பூமி. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றியே மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடும். அங்கே நிலத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். மழையை மட்டும் நம்பிக் கம்பும் சோளமும் கொள்ளும் விதைப்பது காடு. கிணறு இருந்து ராகி, பருத்தி, மிளகாய் விளைவது தோட்டம். கிளுவை முள்வேலி அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாடு மேய விட்டிருப்பது கொறங்காடு. ஒரு குடும்பத்தின் பவிசை ஊர் அளந்தது தோட்டத்துக் கிணற்றின் தண்ணீரையும் கொறங்காட்டில் நிற்கும் மாட்டையும் பார்த்துத்தான்; வீட்டுச் சுவர் மண்ணா காரையா என்பது பிறகு.

நெல் விளையும் வயல் அந்தப் பக்கம் அரிது. ஆகவே நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்த நாளுக்கும் மட்டும். மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி, தொட்டுக்கொள்ளக் கொள்ளுப் பருப்பு. பிற்காலத்தில் மூன்று வேளையும் அரிசிச் சோறு வந்தபோது அப்பாரு அதை வசதியாக நினைக்கவில்லை. வயிற்றில் நிற்பதில்லை என்று குறைதான் சொன்னார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுட்டெரித்த தாது வருஷப் பஞ்சத்தை நேரில் பார்த்த ஒரு பாட்டியின் கையில் வளர்ந்தவர் அவர். குதிரில் அடுத்த மழை வரைக்கும் தானியம் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கும் பழக்கம் அந்தப் பாட்டியிடமிருந்து வந்தது. ரேஷன் கடை வந்து பல வருஷமான பிறகும் அது போகவில்லை.

படிப்பு திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு சரி. மணலில் விரல் தேய எழுதி, எண்சுவடியை மனப்பாடம் செய்து, முந்திரி, காணி, மா என்று கீழ்வாய்க் கணக்குவரை போனார். அதற்குள் ஆடு மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. ஆட்டிலிருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து கவலை வாரிக்கும் ஏறுவதுதான் அந்தக் காலத்துப் பையனுக்கு வகுப்பு மாறுவது. கவலை ஓட்டத் தெரிந்துவிட்டால் ஆள் ஆகிவிட்டான் என்று அர்த்தம். பந்தியில் பெரியவர்களோடு இலை போடுவார்கள்.

கவலை என்பது கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மின்சாரத்துக்கு முன் நடந்த பெரிய நீர்வேலை. கிணற்று விளிம்பில் இரண்டு தூண், மேலே குறுக்குச் சட்டம், அதில் ஓர் உருளை. நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் பறியை உருளை வழியாக வரும் வடம் தாங்கியிருக்கும். பறியின் அடிப்பக்கம் யானைத் துதிக்கை மாதிரி நீளும் தோல்குழாய்க்குத் தும்பி என்று பெயர். அதன் நுனியில் மெல்லிய வால்கயிறு. வடம், வால்கயிறு இரண்டின் மறுமுனையும் மாட்டின் நுகத்தில் இருக்கும். கிணற்றிலிருந்து சரிந்து இறங்கும் மண்பாதை வாரி. மாடுகள் வாரியில் இறங்கும்போது இரண்டு கயிறும் ஒரே வேகத்தில் இழுபடுவதால் தும்பி மேல்நோக்கி மடங்கியபடியே வரும்; தண்ணீர் சிந்தாது. விளிம்புக்கு வந்ததும் பறி உருளையை நோக்கி மேலே போக, வால்கயிறு தாழ்வாக ஓடும் கட்டையின் வழியே தும்பியை இழுத்துத் தோணியில் நீட்டும். தண்ணீர் கொட்டி வாய்க்காலில் ஓடும். பிறகு மாடுகள் பின்னடி வைத்தே மேடு ஏற வேண்டும். இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கும் இடம் இதுதான். மாட்டைப் பின்னால் நடக்கப் பழக்குவதற்குச் சில மாதம் பிடிக்கும். பழகிய மாடு, ஓட்டுகிறவன் கண்ணயர்ந்தாலும் தானாக நடக்கும்.

மாடு இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவன் எடையும் சேர்ந்து பறியை இழுக்கும். மாட்டுக்குப் பாரம் குறையும். வாரியின் அடியில் குதித்து இறங்கி, மாட்டோடு மேடு ஏறி, மறுபடியும் வடத்தில் உட்கார வேண்டும். கயிறு அறுந்தால் எலும்பு மிஞ்சாது. ஆனாலும் அந்த வயதில் அது ஒரு சவாரிதான். அப்பாரு உட்கார்ந்த தோரணையை ஊரில் பேசிக்கொண்டார்கள் என்று அவருடைய தங்கை சாகும்வரை சொல்லிவந்தார். தங்கையின் சாட்சியத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. என்றாலும் கதையில் நிற்கும் முதல் படம் அதுதான்.

வேலை விடியும் முன்பே தொடங்கும். கார்த்திகை மாதத்துப் பின்னிரவில் ஆறாமீன் மேற்கே சாய்ந்தால் மாட்டைப் பூட்டலாம். வெயில் ஏறும்வரை ஒரு பூட்டு, வெயில் தாழ்ந்ததும் ஒரு பூட்டு. இறைத்த பறியை எண்ணிக்கொள்வதற்கென்றே பாட்டு உண்டு. தூக்கம் வராமலிருக்கவும், பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு நாம் முந்திவிட்டோம் என்று தெரிவிக்கவும் அது உதவியது. இருட்டில் நாலு திக்கிலும் உருளை கிறீச்சிடும் சத்தம் கேட்கும். எண்ணெய் போடாத உருளைக்காரனைச் சோம்பேறி என்பார்கள். எண்ணெய் போட்டுச் சத்தமில்லாமல் இறைப்பவனைக் கள்ளன் என்பார்கள்.

பறி தைத்தவர்கள் அருந்ததியர்கள். எருமைத் தோலைப் பதப்படுத்தி, வாருக்குத் தோலே நறுக்கி, வளையத்தில் கோத்துத் தருவார்கள். பிய்ந்தால் இரவோடு இரவாக வந்து தைப்பதும் அவர்கள் வேலை. கூலி காசாக வராது. களத்து மேட்டில் தானியமாக வரும். பண்ணைத் திண்ணையில் அவர்களுக்கு இடம் கிடையாது. ஒரு தோட்டத்தின் தண்ணீர் முழுவதும் அவர்கள் தையலை நம்பி மேலே வந்தது. அப்பாரு ஓட்டிய ஒவ்வொரு எருதின் நிறமும் சுழியும் குணமும் குடும்பத்துக்கு நினைவிருக்கிறது. பறி தைத்தவரின் பெயர் யாருக்கும் நினைவில்லை. வீட்டுக் கதைகளில் யார் தங்குகிறார்கள், யார் விழுந்துபோகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த வருஷம் வெக்கை வந்தது. வெக்கை என்பது மாட்டு அம்மை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, கழிச்சல் கண்டு, சில நாளில் மாடு சாயும். ஓர் ஊரில் நுழைந்தால் பட்டி பட்டியாகக் காலி செய்யும். உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று 2011-இல் அறிவித்தார்கள்; அன்றைக்குப் பட்டியைச் சுற்றி வேப்பிலை கட்டி மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொள்வதுதான் வழி. அப்பாரு வீட்டுச் சோடியில் ஒன்று போயிற்று. ஒற்றை மாட்டால் ஏர் பூட்ட முடியாது, கவலை ஓட்ட முடியாது. ராகி நாற்று பாத்தியில் காய்ந்தது.

அதே சமயம் சென்னிமலைப் பக்கத்தில் இருந்த அவருடைய தாய்மாமனுக்கும் ஒரு மாடு போயிருந்தது. போதாக்குறைக்கு மாமன் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு, கட்டு வைத்தியர் போட்ட மூங்கில் பத்தையோடு கட்டிலில் கிடந்தார். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி, மிஞ்சிய மாட்டைப் பையன் மாமன் ஊருக்கு ஓட்டிப் போவது, அங்கே இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி அந்த வெள்ளாமையைக் காப்பாற்றுவது, விளைந்ததில் பங்கு கொண்டுவருவது என்று முடிவு செய்தார்கள். ஒரு ராத்திரி முழுக்க மாட்டோடு நடந்து விடியும்போது போய்ச் சேர்ந்தார். முதல் நாள் இரண்டு மாடும் ஒன்றையொன்று முட்டின. பிறகு நடை பழகின. ஊர்க் கிழவிகள் சும்மா இருக்கவில்லை. "மாடு ரெண்டும் சோடி சேந்துருச்சு, இனி மத்ததுதான் பாக்கி" என்று மாமன் வீட்டுத் திண்ணையிலேயே சொன்னார்கள்.

மாமனுக்கு ஒரு மகள். கட்டிக்கொள்ளும் முறைதான். அப்பா கட்டிலில் கிடந்ததால் ராகிப் பாத்தியில் தண்ணீர் கட்டும் வேலை அவளுடையது. தண்ணீர் கட்டுவது எளிய வேலையில்லை. வாய்க்காலில் வரும் தண்ணீரை ஒரு பாத்தி நிறைந்ததும் மம்பட்டியால் மடை மாற்றி அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும். கண் தப்பினால் வரப்பு உடையும். கிணற்று மேட்டில் இருப்பவனுக்குப் பயிர் தெரியாது. பாத்தியில் நிற்பவளுக்குக் கிணறு தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது வாய்க்கால் ஒன்றுதான். தண்ணீரின் வேகத்தை வைத்து மாடு எப்படி நடக்கிறது, ஓட்டுகிறவன் எப்படி இருக்கிறான் என்று மடையில் நிற்பவள் சொல்லிவிடுவாள்.

அன்றைய நடைமுறையில் வயது வந்த ஆணும் பெண்ணும் நின்று பேச முடியாது என்பது பொதுவான விதி. முறை உள்ளவர்களுக்கு அந்த விதி தளர்ந்திருந்தது. மாமன் மகளும் அத்தை மகனும் ஒருவரையொருவர் கேலி செய்யலாம். செய்யாவிட்டால்தான் என்ன மனஸ்தாபம் என்று வீட்டில் கேட்பார்கள். ஆனால் கேலி சத்தமாக, நாலு பேர் காதில் விழும்படி இருக்க வேண்டும். தணிந்த குரலில் பேசினால் தப்பு. ஆகவே அவர்களுடைய காதல் பேச்சு முழுவதும் தோட்டத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கூவியே நடந்தது.

"ஏனுங் மாமா, தண்ணி சன்னமா வருதே, மாடு தூங்குதுங்களா, ஆளு தூங்குதுங்களா?"

"மடையில நிக்கறவளுக்கு வாயி மட்டும் பெருசு. மம்பட்டியப் புடிச்சுப் பழகு புள்ளெ!"

கட்டிலில் கிடந்த மாமன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எல்லாக் கிளையும் சொல்கிறது. அப்பாரு தரப்புக் கதையில் அடுத்து வருவது ஒரு வரப்பு உடைப்பு. ஒரு நாள் மாலை, பாத்தி வரப்பு உடைந்து தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் பாய்ந்துவிட்டது. "ஒடஞ்சு போச்சு, ஒடஞ்சு போச்சு" என்று அவள் கூவ, அவர் வடத்திலிருந்து குதித்து, மாட்டை அவிழ்த்து நிறுத்திவிட்டு ஓடினார். இருவரும் சேர்ந்து மண் அணைத்தார்கள். தன் வேகத்தைத் தாங்காமல்தான் வரப்பு உடைந்தது, அன்றைக்கு மாட்டை அப்படி ஓட்டினேன் என்பது அப்பாரு சொன்ன விளக்கம். மாமன் மகளை முதன்முதலில் பக்கத்தில் நின்று பார்த்தது முழங்கால் அளவு சேற்றில்தான் என்று அவர் பேரன்களிடம் ஒளிக்காமல் சொல்வார்.

பார்ப்பதற்கு இன்னொரு வாய்ப்பு பூப்பறிக்கும் நோம்பி. பொங்கலை ஒட்டி, பெண் பிள்ளைகள் கூட்டமாக ஆவாரம்பூ பறிக்கப் போவார்கள். பறித்து வந்து கும்மியடிப்பார்கள். இளவட்டங்கள் ஏதோ வேலையாகப் போகிறவர்கள் மாதிரி அந்த வழியில் போவார்கள். கச்சாயமும் முறுக்கும் மடியில் கட்டிக்கொண்டு போன பெண்கள் முறை மாப்பிள்ளைகளைப் பாட்டில் வைத்துக் கிண்டலடிப்பது வழக்கம். அந்த வருஷக் கும்மியில் வடத்தில் உட்கார்ந்து தூங்கும் ஒரு மாப்பிள்ளை வந்தார். பாட்டு நினைவில்லை என்று அப்பாரு சொல்வார். அவர் தங்கைக்கு முழுதும் நினைவிருந்தது. இன்று அந்த நோம்பி சில ஊர்களில்தான் நடக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்து.

கல்யாணப் பேச்சு வந்தபோது மறுத்தவர் பெண்ணின் தாய். அவருக்கு மாப்பிள்ளையிடம் குறையில்லை, கிணற்றில் குறை. "அந்தச் சீமையில மழையுமில்ல, கெணத்துல தண்ணியுமில்ல. அங்க போயி எம்புள்ள எதைக் குடிக்கும்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. தண்ணீர் எத்தனை ஆள் மட்டுக்குக் கீழே போகிறதோ அத்தனைக்கு வீட்டுப் பெண்ணின் முதுகு வளையும். ஆகவே வீடு பார்க்க வந்தவர்கள் சமையல்கட்டைப் பார்ப்பதற்கு முன் கிணற்றடிக்குப் போனார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் அளந்தார்கள். அப்பாருடைய தந்தை அதற்கு நாலைந்து நாள் முன்னதாகவே கிணற்றில் இறைப்பதை நிறுத்தி, ஊற்று ஏறித் தண்ணீர் நிற்கும்படி செய்திருந்தார். காய்ந்த பாத்தியைப் பார்த்தால் யாருக்கும் விஷயம் புரியும். மாமனுக்கும் புரிந்தது. தன் கல்யாணத்துக்குத் தன் வீட்டிலும் அதையேதான் செய்தார்கள் என்று பின்னாளில் சொல்லிச் சிரித்தாராம்.

கடைசியில் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன் போட்டு, விவரம் அறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது வழக்கம். நினைத்த பூ வந்தது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்பாருடைய தங்கை என்பதையும் சேர்த்துப் பதிவு செய்வது நல்லது.

ஆனால் மாமன் ஒரு நிபந்தனை வைத்தார். சோடி மாடு இல்லாதவனுக்குப் பெண் இல்லை. ராகிப் பங்கை விற்ற காசோடு அப்பாரு கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனார். கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிச் சித்திரையில் கூடும் அந்தச் சந்தை காங்கேயம் இனத்துக்குப் பேர் போனது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணி வளர்த்த இனம் அது. ஆழக் கிணற்றுக் கவலைக்கும் கட்டாந்தரை உழவுக்கும் தோதான, தீனி குறைவாகத் தின்னும் மாடு. கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பொலிகாளைக்குக் கழுத்தும் திமிலும் கறுத்து வரும், காயடித்த எருது வெளுக்கும். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தை வைத்தே அழைப்பார்கள். வாங்குகிறவன் பல்லைப் பார்த்து வயது சொல்ல வேண்டும், சுழியைப் பார்த்து ராசி சொல்ல வேண்டும், நடக்க விட்டுக் குளம்பு பார்க்க வேண்டும். விலையை வாயால் பேசுவதில்லை. தரகர் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துத் தொகை சொல்வார். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு முகம் மட்டும்தான் தெரியும்.

மாமன் ஊன்றுகோலோடு வந்து ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். யோசனை சொல்ல மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். பெண் கொடுப்பதற்கான உண்மையான சோதனை அன்றுதான் நடந்தது என்று தோன்றுகிறது. ஜாதகத்தைவிட அது நம்பகமானதும்கூட. தரகர்கள் காட்டிய வாட்டசாட்டமான கடைப்பல் மாடுகளை விட்டுவிட்டு, இரண்டு பல் போட்ட, இன்னும் உடம்பு தேறாத ஒரு மயிலைக் கன்றை அப்பாரு பிடித்தார். கவலைக்குப் பழக்கவே ஒரு வருஷம் ஆகும் என்று கூட வந்தவர்கள் திட்டினார்கள். மாமன் எழுந்து வந்து மாட்டின் முதுகை ஒருமுறை தடவிவிட்டு, வண்டி பூட்டச் சொன்னார். விலையைக் குடும்பத்தின் ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு தொகையாகச் சொல்லும். அந்த மாடு பிறகு பதினைந்து வருஷத்துக்கு மேல் உழைத்தது என்பதில் தகராறு இல்லை.

கல்யாணம் யுத்த காலத்தில் நடந்தது. பர்மாவை ஜப்பானியர் 1942-இல் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் தட்டுப்பாடு. பந்தலில் விளக்கெண்ணெய் எரிந்தது. வந்தவர்களுக்குத் தினைச்சோறு பாதி, நெல்லுச்சோறு பாதி. சந்தகை பிழிந்தது மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும். மற்றபடி சீர்களில் எதையும் குறைக்கவில்லை. கொங்கு வேளாளர் கல்யாணத்தை நடத்தி வைப்பவர் அந்தச் சமூகத்து மூத்தவரான அருமைக்காரர். மாப்பிள்ளை ஊர் நாட்டுக்கல்லை வணங்க வேண்டும். மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர் உண்டு. தம்பி, அண்ணன் பிள்ளைகளோடு பின்னால் சம்பந்தம் செய்துகொள்ளும் உரிமை அவளுக்கு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அப்பாருடைய தங்கை அதைக் கடைசிவரை உரிமையாகவே எடுத்துக்கொண்டார். கம்பர் பாடியதாக வழங்கும் மங்கல வாழ்த்தை நாவிதர் நின்று பாட, நடுநடுவே மேளம் ஒரு தட்டுத் தட்டும். பணம் அன்று எதிர்த்திசையில் போயிற்று: மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரியம் கொடுத்தார்கள். இரண்டு தலைமுறைக்குள் அது தலைகீழாகி, எத்தனை சவரன் போடுவீர்கள் என்று கேட்கும் வழக்கம் அதே வீட்டுக்குள் வந்தது. பரியம் வாங்கிய வீட்டுப் பேத்திக்குக் காரும் கொடுக்க வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. தோட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கூவிப் பேசிய இருவரும் பகலில் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மாமியார், மாமனார் முன்னால் கணவனிடம் மருமகள் பேசக் கூடாது. கஞ்சிக் கலயத்தைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமானால் மாட்டைப் பார்த்தோ, குழந்தை பிறந்த பிறகு குழந்தையைப் பார்த்தோ சொல்ல வேண்டும். முறைப்பெண்ணுக்கு இருந்த வாய் மனைவிக்கு இல்லை. உறவுமுறைக்குள் கட்டிக்கொண்டவர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதற்கப்புறம் நடந்தவை ஊருக்குப் பொதுவானவை. பைக்காரா நீர்மின்சாரம் 1932-லேயே வந்துவிட்டாலும் கம்பி அந்தத் தோட்டத்தை எட்டப் பல வருஷமாயிற்று. எட்டியதும் கோயம்புத்தூரில் செய்த மோட்டார் ஒன்று கிணற்றில் இறங்கியது. பறியைச் சுருட்டி அட்டாலியில் போட்டார்கள். மேட்டிலிருந்து இறங்கிய வாரியில் எருக்குழி வந்தது. 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து இருநூறு கிலோமீட்டர் நீளக் கீழ்பவானி வாய்க்கால் சென்னிமலைப் பக்கம் போய், அப்பத்தாவின் பிறந்த ஊரில் நெல் வயல் உண்டாக்கியது. இங்கே தெற்கே வந்த பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். அப்பத்தாவின் தாய் கேட்ட கேள்விக்கு வரலாறு இப்படிப் பதில் சொன்னது. ஒவ்வொரு முறை பிறந்த வீட்டுக்குப் போய் வரும்போதும் அப்பத்தா ஒரு மூட்டை அரிசியோடு வந்து, ஒன்றும் சொல்லாமல் அதைத் திண்ணையில் இறக்கி வைப்பார்.

அவருடைய பக்கத்துக் கதை வெளியே வந்தது மிகவும் பிந்தி, விதைக்கடலை தொலிக்கும் வேலையில். நிலக்கடலை விதைப்புக்கு முன் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கையால் தொலிப்பார்கள். நாள் கணக்கில் நடக்கும் வேலை, பேச்சும் நாள் கணக்கில் ஓடும். அப்பாரு வேகமாக ஓட்டி வரப்பு உடைந்த கதையைப் பேத்தி ஒருத்தி எடுத்தாள். அப்பத்தா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த மாடு ரெண்டும் ஓடுன வேகத்துக்கு எறும்புப் புத்துக்கூட ஒடையாது. நாந்தான் மம்பட்டியில ஒரு வெட்டு வெட்டுனேன்" என்றார். எதற்கு என்று கேட்டார்கள். "பின்ன, வடத்து மேலயே உக்காந்திருந்தா மொகத்த எப்படிப் பாக்கறது? கட்டிக்கறவன் மொகம் எப்படின்னு தெரிய வேண்டாமா?" என்றார். வீடு பார்க்க வந்தபோது கிணற்றில் தண்ணீர் ஏற்றி வைத்திருந்ததும் தனக்கு முன்பே தெரியும், நாத்தனார் சொல்லி அனுப்பியிருந்தார் என்பதும் அதே பேச்சில் வந்தது. தங்கையின் கை எத்தனை இடத்தில் இருந்தது என்று அன்றைக்குத்தான் கூட்டிப் பார்த்தார்கள்.

பேரன்கள் ஓடிப்போய் அப்பாருவிடம் விசாரித்தார்கள். அவர் கட்டிலில் படுத்தபடியே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "வரப்பு ஒடஞ்சது நெசம்டா" என்றார். "மம்பட்டி வெட்டு எது, தண்ணி அரிச்சது எதுன்னு கூடத் தெரியாமயா நான் அத்தன வருசம் வெள்ளாம பண்ணுனேன்?"